‘இதே மாதிரி இன்னொண்ணு’ என்று கேட்கும் பிள்ளைக்கு

கேள்வி: என் அக்கா மகளுக்கு 14 வயது. புத்தகம் வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்பாள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை. போன விடுமுறையில் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலைக் கொடுத்தேன். மூன்றே நாளில் முடித்துவிட்டு, “சித்தி, இதே மாதிரி இன்னொண்ணு” என்றாள். கொடுங்கோல் அரசு, எதிர்கால உலகம், எதிர்த்து நிற்கும் பெண் என்று அதே வகையில் நான்கு நாவல்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். நான்கையும் பாதிகூடப் படிக்காமல் மூடிவிட்டாள். இப்போது, “உங்களுக்குப் பிடிச்சதை எனக்குக் கொடுக்காதீங்க சித்தி” என்கிறாள். அவள் தம்பிக்கு 12 வயது. காமிக்ஸ், மாங்கா (ஜப்பானியப் படக்கதை) தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்கிறான். அவன் போக்கிலேயே விடலாமா? இளையோர் நாவல்களில் இப்போது என்னென்னவோ வருகிறது என்று அக்கா வேறு பயப்படுகிறாள். எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். அவள் மூடி வைத்த அந்த நான்கு நாவல்களையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் ஒதுக்கிய புத்தகம்தான் எங்களைப் போன்ற நூலகர்களுக்கு நல்ல தடயம். பிடித்த புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் “சூப்பரா இருந்துச்சு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிடிக்காததைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசுவார்கள்.

நீங்கள் செய்ததைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இளையோர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதையேதான் செய்தேன். டிராகன் கதை படித்தவனுக்கு அடுத்த டிராகன், கொலைக் கதை படித்தவளுக்கு அடுத்த கொலை. பாதிப் பேர் என் மேஜைப் பக்கமே திரும்பவில்லை. நூலகத் துறைக்குள் வருகிற எல்லாரும் மனப்பாடம் செய்கிற ஐந்து விதிகள் உண்டு, எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலாக வெளியிட்டவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. தேர்வில் எழுதி மார்க் வாங்கியாகிவிட்டது. நான்காவது விதியின் பொருள் மட்டும் புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. சேராத நாவலை வரிசையாக நான்கு முறை கொடுத்தால், அந்தப் பிள்ளை நாவலைக் குறை சொல்லாது. “எனக்குப் படிக்கிறதே சரியா வரல” என்று முடிவு கட்டிவிடும். உங்கள் அக்கா மகள் அப்படி நினைக்காமல் உங்களைக் குறை சொன்னாள் பாருங்கள், அது ஒரு வகையில் நல்ல செய்தி.

சரி, ‘இதே மாதிரி’ என்றால் எது மாதிரி? அவளுக்கே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவர் ஒரு பாட்டை நாள் முழுக்க முணுமுணுக்கிறார் என்று வையுங்கள். பாட்டில் நிலா வருகிறதே என்று நிலாப் பாட்டாகத் தேடிக் கொடுத்தால் அவர் ஏன் கேட்கப் போகிறார்? அவரைப் பிடித்து வைத்திருந்தது மெட்டாக இருக்கலாம், பாடிய குரலாக இருக்கலாம். நாவலின் கதைப்பொருளும் அந்த நிலா மாதிரிதான். ‘டிஸ்டோபியா’ (நீங்கள் தேடிக் கொடுத்த கொடுங்கோல் எதிர்கால உலகக் கதைகள்), ‘ஃபேன்டஸி’, ‘த்ரில்லர்’ என்பதெல்லாம் அலமாரியில் அடுக்குவதற்கான பெயர்கள். படிக்கிறவர் மனதில் புத்தகங்கள் அந்த வரிசையில் உட்காருவதில்லை.

இதை எங்கள் தொழிலில் தெளிவாகப் பேச வைத்தவர்கள் இரண்டு அமெரிக்க நூலகர்கள். ஜாய்ஸ் சாரிக்ஸ், ஒரு புத்தகம் ஒருவரை ஏன் இழுக்கிறது என்பதற்கு வேகம், பாத்திரங்கள், கதைப்போக்கு, களம், தொனி, நடை என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். நான்ஸி பெர்ல் இன்னும் சுருக்கி நான்கு வாசல்கள் என்றார்: கதை, பாத்திரம், களம், மொழி. எல்லா நாவலுக்கும் நான்கு வாசலும் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வாசல் மட்டும் அகலமாகத் திறந்திருக்கும். நாம் கண்டுபிடிக்க வேண்டியது, அவள் எந்த வாசல் வழியாக உள்ளே போனாள் என்பதைத்தான்.

‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். 2008-ல் வந்தது. பிள்ளைகளைக் குலுக்கல் போட்டு எடுத்து, ஒரு களத்தில் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை மோதவைக்கிறது அரசு. அதில் போய் நிற்கிறவள் காட்னிஸ். எழுதிய சூசன் காலின்ஸ் அதற்கு முன் பல வருஷம் குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதியவர். அந்தப் பழக்கம் நாவலில் நன்றாகத் தெரிகிறது: மொத்தம் 27 அத்தியாயம், மூன்று பாகம், பாகத்துக்கு ஒன்பது என்று சீரான அளவு, அத்தியாயம் முடிகிற இடத்தில் ஏதாவது ஒன்று உடைகிறது அல்லது யாராவது வந்து நிற்கிறார்கள். கதை முழுக்க காட்னிஸின் வாயிலிருந்தே, அதுவும் ‘ஓடுகிறேன், ஒளிகிறேன்’ என்று நிகழ்காலத்தில் வருகிறது. அடுத்த நிமிஷம் அவள் உயிரோடு இருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது. இப்போது யோசித்துப் பாருங்கள். மூன்று நாளில் முடித்த பெண்ணைப் பிடித்துக்கொண்டது கொடுங்கோல் அரசா, அல்லது இந்த ஓட்டமா?

ஓட்டம்தான் என்றால் அவளுக்கு எதிர்கால உலகமே தேவையில்லை. ஹாலி ஜாக்சன் 2019-ல் எழுதிய ‘எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்’ பொருந்தும். பள்ளி ப்ராஜெக்ட் என்ற சாக்கில், முடிந்துபோனதாக ஊரே நம்பும் ஒரு கொலை வழக்கைத் தோண்டுகிறாள் ஒரு பெண். நடுநடுவே அவளுடைய குறிப்புகளும் பேட்டிகளும் வருவதால் பக்கம் பறக்கும். தமிழில் சரளமாகப் படிப்பாள் என்றால் ‘பொன்னியின் செல்வன்’ கொடுத்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள். 1950-ல் வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடர் அது. வாசகரை அடுத்த வாரம்வரை தவிக்க விட வேண்டிய கட்டாயம் கல்கிக்கு இருந்தது. காலின்ஸ் தொலைக்காட்சியில் கற்றுக்கொண்ட அதே வித்தை. ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனை ‘சரித்திரம்’ என்று அறிமுகம் செய்தால் அவள் ஓடிவிடுவாள். ‘ரகசிய ஓலையோடு ஒருத்தன் போறான், போற இடமெல்லாம் மாட்டிக்கிறான்’ என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அவளைப் பிடித்தது வேறொன்றாகவும் இருக்கலாம். காட்னிஸ் களத்துக்குப் போனதே 12 வயதுத் தங்கை ப்ரிம்மின் பெயர் வந்துவிட்டதால்தான். தம்பியைச் சதா திட்டிக்கொண்டே அவன் மேல் உயிரை வைத்திருக்கிற அக்காக்களுக்கு அந்த முதல் அத்தியாயம் தொண்டையை அடைக்கும். அந்த வாசல் என்றால் டெர்ரி ப்ராட்செட்டின் ‘தி வீ ஃப்ரீ மென்’. எரிச்சலூட்டும் தம்பியைத் தேவதைகளின் அரசி தூக்கிக்கொண்டு போய்விட, கையில் வாணலியோடு மீட்கக் கிளம்புகிறாள் டிஃப்பனி. கதை தொடங்கும்போது அவளுக்கு ஒன்பது வயதுதான். 14 வயதுக்காரி முகம் சுளிக்கக்கூடும். தொடரின் அடுத்தடுத்த நாவல்களில் டிஃப்பனியும் வளர்கிறாள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தன்னைவிட இரண்டு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் இந்த வயதில் ஆசை. இளையவர்களைப் பற்றி என்றால் கௌரவக் குறைச்சல்.

காட்டில் தண்ணீர் தேடுவது, மரத்தில் கயிறு கட்டித் தூங்குவது, வில்லைச் செய்தியாகப் படிக்காமல் கையில் பிடித்த மாதிரி உணர்வது. இதற்காகவே ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலைத் திரும்பத் திரும்பப் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அரசியல் கொஞ்சமும் பொருட்டில்லை. கேரி பால்சனின் ‘ஹாட்செட்’ (1987) அவர்களுக்கானது: சிறு விமானம் விழுந்து, 13 வயதுப் பையன் ஒரு கைக்கோடரியோடு கனடாவின் காட்டில் 54 நாள் தனியாகப் பிழைத்துக் கிடப்பான். மெல்லிய புத்தகம். வில்லன் கிடையாது, அரசாங்கம் கிடையாது, கொசு உண்டு.

அநியாயத்தைக் கண்டு வந்த கோபம்தான் என்றால், கற்பனை நாட்டைவிட நிஜ நாடு இன்னும் பலமாகப் பிடிக்கும். ஆஞ்சி தாமஸின் ‘தி ஹேட் யு கிவ்’ (2017) அந்த வாசல். நண்பனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சியாக 16 வயதுப் பெண். களத்தில் காட்னிஸுக்கும் ரூ என்ற சிறுமிக்கும் உண்டான அந்தக் கூட்டு, அந்த விசுவாசம்தான் உங்கள் அக்கா மகளை அழ வைத்தது என்றால் எலிசபெத் வைனின் ‘கோட் நேம் வெரிட்டி’ (2012). இரண்டாம் உலகப்போரில் ஒரு பெண் விமானி, ஒரு பெண் உளவாளி. சித்திரவதை வரும், தொடக்கம் மெதுவாகத்தான் நகரும். ஓட்டத்துக்காகப் படிக்கிறவளிடம் இதைக் கொடுத்தால் ஐந்தாவது புத்தகமும் மூடப்படும்.

பார்த்தீர்களா, ஒரே நாவலிலிருந்து எத்தனை திசை! நீங்கள் கொடுத்த நான்கும் ஒரே திசையில் போய்விட்டன.

எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். “எந்த மாதிரிக் கதை பிடிக்கும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும், பதிலும் அப்படித்தான் வரும். “அந்தப் புத்தகத்துல என்ன ஆச்சு, எனக்குச் சொல்லேன்” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவள் எங்கே தொடங்குகிறாள், எதைத் தாவிப் போகிறாள், எங்கே கையை ஆட்டிக்கொண்டு பேசுகிறாள் என்று பாருங்கள். “அவ தங்கச்சிக்காகப் போறா சித்தி” என்று தொடங்கினால் பாத்திரம். “மொதல்ல இது நடக்கும், அப்புறம் திடீர்னு…” என்று போனால் கதை. தலைநகரத்து உடைகளையும் மாவட்டங்களையும் வரைபடம் போட்டுக் காட்டினால் களம். ஏதாவது ஒரு வரியை அப்படியே ஒப்பித்தால் மொழி. இந்தப் பிள்ளைகள் குறைவு, ஆனால் இவர்களுக்குக் கதைப்பொருள் எதுவானாலும் சரி. இவர்களுக்காக நான் தயாராக வைத்திருப்பது கவிதை நடை நாவல்கள். ஜேசன் ரெனால்ட்ஸின் ‘லாங் வே டவுன்’ முழுக்கக் கவிதைதான். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்க இடுப்பில் துப்பாக்கியோடு லிஃப்ட்டில் இறங்குகிறான் 15 வயதுப் பையன். லிஃப்ட் கீழே வந்து சேரும் அந்த ஒரு நிமிஷம்தான் கதை. கனமான விஷயம். ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

மூடிய நான்கு நாவல்களுக்கு இதைவிடச் சின்னக் கேள்வி போதும்: “எந்தப் பக்கத்துல விட்டே?” ஐந்தாம் பக்கத்தில் விட்டாள் என்றால் பெரும்பாலும் நடையோ சொல்லுகிற குரலோ ஒத்துவரவில்லை. நாற்பதில் என்றால் உலகத்தை விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நூறைத் தாண்டி விட்டாள் என்றால் அநேகமாகக் காதல் கதை குறுக்கே வந்து உட்கார்ந்திருக்கும், அல்லது அவளுக்குப் பிடித்த ஆளை ஆசிரியர் சாகடித்திருப்பார். இது விதி இல்லை, என் அனுபவக் கணக்கு. விட்டதற்காக மட்டும் அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். நான்ஸி பெர்ல் ஐம்பது பக்கம் படித்துப் பார்த்துவிட்டு மூடச் சொல்வார். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொண்டு அத்தனை பக்கம் படித்தால் போதுமாம். 14 வயதுக்கு நான் முப்பது பக்கம் கேட்கிறேன். அதற்கும் மறுத்தால் சண்டை போடுவதில்லை.

இணையத்தில் தேடும்போது, ‘இதைப் படித்தவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்று கடைகள் காட்டும் வரிசையை நம்பி இறங்காதீர்கள். யார் எதை வாங்கினார்கள் என்பதுதான் அதில் தெரியும், வாங்கியவர் ரசித்தாரா என்பது தெரியாது. குட்ரீட்ஸ் போன்ற தளங்களில் நான் முதலில் படிப்பது இரண்டு நட்சத்திர விமர்சனங்களை. ஐந்து நட்சத்திரக்காரர்கள் உருகுவார்கள், ஒன்றும் புரியாது. இரண்டு நட்சத்திரக்காரர்தான் ‘முழுக்க ஓட்டம், மூச்சு விட இடமில்லை’ என்று குறையாக எழுதுவார். ஓட்டம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல சிபாரிசு உண்டா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கத்தோடு. பாட்டியை இழந்த ஒரு பெண் பல வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்தாள். விஷயம் தெரிந்திருந்ததால், நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ எடுத்துக் கொடுத்தேன். நோயில் கிடக்கும் அம்மாவை இழக்கப் போகும் ஒரு பையனின் கதை. பேட்ரிக் நெஸ் எழுதியது, இந்தத் துறையில் வந்த மிக நல்ல நாவல்களில் ஒன்று. மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தாள். “அங்கிள், எனக்கு சிரிக்கிற புக் வேணும்.” அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளையின் கஷ்டத்துக்கு மருந்துச்சீட்டு எழுதுகிற மாதிரி நாவலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அன்று புரிந்தது. கேட்டால் கொடுக்கலாம். கேட்காமல் கொடுத்தால், தன் வீட்டு விஷயம் உனக்கும் தெரியுமா என்கிற கூச்சம்தான் அவளுக்கு மிஞ்சும்.

அக்காவின் பயத்துக்கு வருவோம். ரசனை வேறு, உள்ளடக்கம் வேறு. இரண்டையும் ஒரே தராசில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘யங் அடல்ட்’ என்றால் பொதுவாக 12 முதல் 18 வரை. அந்த ஆறு வருஷத்துக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அக்காவுக்கே தெரியும். பன்னிரண்டுக்கு ஏற்றதும் பதினேழுக்கு ஏற்றதும் ஒரே அலமாரியில்தான் நிற்கும். உண்மையான பொறி வேறு இடத்தில் இருக்கிறது: கார்ட்டூன் மாதிரி அழகாக வரைந்த அட்டையோடு வரும் காதல் நாவல்கள் பல, முழுக்கப் பெரியவர்களுக்கானவை. அட்டையைப் பார்த்து ஏமாறாமல் எந்தப் பிரிவில் வெளியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்த நாவலில் என்ன அளவுக்கு வன்முறை, பாலியல், போதை என்று பெற்றோருக்குப் பிரித்துச் சொல்லும் காமன் சென்ஸ் மீடியா போன்ற தளங்கள் உண்டு. அவை கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்தும், தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நீங்களே படித்துவிட்டு, “நடுவுல ஒரு இடம் கொஞ்சம் கொடூரமா இருக்கும், வேண்டாம்னா தாண்டிப் போ” என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். பிடுங்கி ஒளித்து வைத்த புத்தகத்தை எப்படியும் படித்துவிடுவார்கள். படித்ததைப் பற்றி நம்மிடம் பேசத்தான் மாட்டார்கள்.

தம்பிக்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். படத்தையும் சொல்லையும் சேர்த்துப் படிப்பதும், இரண்டு கட்டங்களுக்கு நடுவே நடந்ததை ஊகிப்பதும் சும்மா வேலை இல்லை. இளையோர் நாவலுக்கான பிரின்ட்ஸ் விருதை 2007-ல் ‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’ என்ற படக்கதை நாவலே வாங்கியிருக்கிறது. தடித்த புத்தகத்தைப் பார்த்தால் பயப்படுகிறான் என்றால் ப்ரையன் செல்ஸ்நிக்கின் ‘தி இன்வென்ஷன் ஆஃப் ஹ்யூகோ கேப்ரே’யை அவன் கண்ணில் படும்படி எங்கேயாவது விட்டு வையுங்கள். 500 பக்கத்துக்கு மேல் போகும். பாதிக்கு மேல் பென்சில் ஓவியங்கள். முடித்துவிட்டு, “ஐந்நூறு பக்கம் படிச்சேன்” என்று அக்காவிடம் அவனே போய்ச் சொல்வான்.

அவளுக்கு அடுத்த முறை ஒன்றாகக் கொடுக்காமல் மூன்றாகக் கொடுங்கள். ஒன்று நீங்கள் கண்டுபிடித்த வாசலுக்கு நேராக, ஒன்று சற்றே விலகி, ஒன்று சம்பந்தமே இல்லாமல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். கதையைச் சொல்லாதீர்கள், யாருக்கு என்ன சிக்கல் என்பதை மட்டும் சொல்லுங்கள். பிறகு ஒரு வாரம் ‘படிச்சியா?’ என்ற கேள்வியே வரக் கூடாது. உங்களுக்குக் கஷ்டம்தான், தெரியும்.

மறுபடி எழுதும்போது இரண்டு விவரம் அனுப்புங்கள்: ‘தி ஹங்கர் கேம்ஸ்’ கதையை அவள் எந்த வாக்கியத்தில் சொல்லத் தொடங்கினாள், மற்ற நான்கையும் எந்தெந்தப் பக்கத்தில் மூடினாள். அதை வைத்துக்கொண்டு அந்த மூன்று புத்தகத்தையும் நாம் சேர்ந்து தேடலாம்.